சண்முகப்ரியா குழு

காலை ஒன்பது நாற்பதுக்குச் சண்முகப்ரியாவுக்குப் பச்சைக் கவர் வந்தது.

நர்ஸ் கவரைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே பச்சை நிறத்தில் ஓர் அட்டை. அட்டையின் பின்னால் நேரம் எழுதி, அவள் கணவன் ரவிக்குமாரிடம் கையெழுத்து வாங்கி, பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பச்சை என்றால் என்ன மருந்து என்று ரவிக்குமார் கேட்டான். தெரியாது என்றாள். டாக்டருக்குத் தெரியுமா என்றான். அவருக்கும் தெரியாது என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் பெருமை இருந்தது.

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலை மேல் இருந்த அந்த மருத்துவமனையில் பிரசவ வலியைக் குறைக்க ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வலி எடுத்து வரும் பெண்ணின் முதுகில் நூல் போன்ற குழாய் ஒன்றைச் செருகுவார்கள். சின்ன பம்ப் ஒன்று அதன் வழியாக மருந்தைத் தள்ளும். மருந்து இரண்டு வகை. ஒன்று பழையது, ஒன்று புதியது. ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை. எந்த நிறத்தில் எந்த மருந்து என்று தாய்க்குத் தெரியக் கூடாது, நர்ஸுக்குத் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். துடியலூரில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள்.

வாசலில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. 'அறியாதவர் கைகளில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.' திங்கட்கிழமைதோறும் டாக்டர்கள் வரிசையாக நின்று, எங்களுக்குத் தெரியாது என்று உறுதிமொழி எடுத்தார்கள். பம்பின் மேலும் குழாயின் மேலும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. கண் தவறிப் போய் யாரும் எதையும் பார்த்துவிடக் கூடாது. போன வருஷம் ஓர் இளம் டாக்டர் கேன்டீனில், நீலம் போட்ட பெண்கள் சீக்கிரம் தூங்கிவிடுகிற மாதிரி இருக்கிறதே என்றார். அவரைத் தோல் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஆய்வின் தலைவர் பாலகோபால். மயக்க மருந்து நிபுணர். இருபத்து மூன்று வருஷமாக, பதினோரு ஆய்வுகளில், எதுவும் தெரியாமல் இருந்தவர். அதற்காக டெல்லியில் விருது வாங்கியிருந்தார்.

ரவிக்குமாருக்கு இதிலெல்லாம் குறை இல்லை. கவுண்டம்பாளையத்தில் ஒரு பட்டறையில் பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன் அவன். ஆய்வில் சேர்ந்தால் பிரசவம் இலவசம் என்றார்கள், சேர்ந்தான். அவனுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. மூன்று நாளைக்கு முன் சகலை பிரவின்குமாரின் மனைவிக்கு நீலம் வந்திருந்தது.

சகலையின் மனைவி இனியா, சண்முகப்ரியாவின் தங்கை. இரண்டு பேருக்கும் டாக்டர்கள் ஒரே வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள். இனியா முந்திக்கொண்டாள். நீலம் ஏறிய பிறகு அவள் பிஸ்கட் தின்றாள். போனில் சமையல் வீடியோ பார்த்தாள். பிள்ளை வந்த பிறகு, வந்துவிட்டதா என்று கேட்டாள். இதையெல்லாம் பிரவின்குமார் பார்க்க வந்தவர்களிடம் சொன்னான். வராதவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னான். இப்போது இனியா மேல்மாடியில் பிள்ளையோடு படுத்திருந்தாள். இரண்டு பெண்களுக்கும் அம்மாவான காளியாத்தாளும் மேல்மாடியில்தான் இருந்தார். கீழே வரச் சொன்னால், பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். அதைக் கேட்டுச் சண்முகப்ரியா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரவிக்குமார் நல்லவன். பக்கத்துப் பட்டறைக்காரன் புது லேத் வாங்கியபோது மாலை வாங்கிக்கொண்டு போனவன். ஊரில் யார் நன்றாக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம். பிரவின்குமார் மட்டும் நன்றாக இருக்கக் கூடாது.

மாமனார் மருதாசலம் மூத்த மகளுக்குச் சீராகக் கிரைண்டர் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து இளையவளுக்கு டில்டிங் கிரைண்டர் கொடுத்தார். அதில் மாவை அள்ள வேண்டாம், சாய்த்தால் போதும். இடையில் காலம் மாறிவிட்டது என்று மாமனார் விளக்கினார். ரவிக்குமார் ஏற்றுக்கொண்டான். அதிலிருந்து இட்லி தின்னும்போதெல்லாம் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. பிரவின்குமார் காந்திபுரத்தில் ஏசி போட்ட கடை ஒன்றில் டிவி விற்கிறான். சட்டை மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்புகிறான். இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்கள். வித்தியாசம் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று ரவிக்குமாருக்குப் பிடிபடவில்லை.

அவன் நர்ஸிடம் போனான். துணிக்கடையில் கேட்பதுபோல் கேட்டான்.

"ஏனுங்க சிஸ்டர், இதைய மாத்தி நீலம் ஒண்ணு குடுக்க முடியுமுங்களா?"

"எதுக்கு நீலம்?"

"அதுதானுங்களே நல்லது."

நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். யாருக்கோ போன் செய்தாள்.

பத்தேகாலுக்கு முதுகில் குழாய் செருகினார்கள். செருகிய டாக்டர் கறுப்புத் துணிக்கு அடியில் கையை விட்டு, தடவிப் பார்த்து, பம்பின் குழாயும் முதுகுக் குழாயும் சேரும் மூட்டைப் பொருத்தினார். பம்ப் ஓட ஆரம்பித்தது. சின்ன பச்சை விளக்கு எரிந்தது. கட்டில் ஓரம் இருந்த திரைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் தாயைப் பார்க்கக் கூடாது, தாய் அவரைப் பார்க்கக் கூடாது. ஒன்றிலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று திரை கேட்டது. சண்முகப்ரியா ஒன்பது என்றாள். பேனா எழுதும் சத்தம் கேட்டது.

முதுகு ஈரமாக இருக்கிறது என்று அவள் நர்ஸிடம் சொன்னாள். வியர்வை என்றாள் நர்ஸ். கணவனிடம் சொன்னாள். பச்சையில் அப்படித்தான் இருக்கும் என்றான் ரவிக்குமார்.

பதினொரு மணிக்கு அவனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

நீளமான மேஜை. ஒரு பக்கம் பாலகோபால். இன்னொரு பக்கம் மகப்பேறு டாக்டர் பிரத்யுஷா, ஆய்வின் துணைத் தலைவர். நடுவில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிக்குழுவில் பொதுமக்கள் சார்பாக இருந்த ஒரு பெரியவர். பொதுமக்கள் சார்பாக அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாலகோபால் மரியாதையாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார். ஆறும்வரை காத்திருந்தார்.

"ரவிக்குமாருங்களா. இந்த ஆஸ்பத்திரில நானூறு பேர் வேலை செய்யறோம். நானூறு பேருக்கும் தெரியாது. எனக்கு இருபத்து மூணு வருஷமா தெரியாது. தெரியாம இருக்கறதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. இன்னிக்குக் காலைல வந்த உங்களுக்கு, நீலந்தான் நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தாத் தெரியுதுங்களே."

பிரத்யுஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்த்தீங்களா? யாரைக் கேட்டுப் பார்த்தீங்க?"

சகலை வீட்டில் வலியே இல்லை, தன் வீட்டில் வலி குறையவில்லை, அதைத்தான் சொன்னேன் என்றான் ரவிக்குமார். அதுதான் ரகசியக் கசிவு என்றார்கள். கசிந்ததை உறிஞ்சி எடுக்க முடியாது, பரவாமல் தடுக்கலாம். ஒரு தீர்மானம் தட்டச்சானது. பெரியவர் கண்ணைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். ரவிக்குமாரின் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றை மாட்டினார்கள். அதில் 'அறிந்தவர்' என்று இருந்தது. அட்டை மாட்டியவரிடம் ஊழியர்கள் யாரும் பேசக் கூடாது.

மனைவிக்கு வலி குறையவில்லையே, அதற்கு என்ன என்று கேட்டான். அதைப் பற்றி அட்டை மாட்டியவர் பேசக் கூடாது என்றார்கள்.

அவன் வராண்டாவில் நடந்தபோது நர்ஸுகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தள்ளுவண்டி ஒன்று பாதியில் திரும்பிப் போனது. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் பிரத்யுஷா நின்றிருந்தார். தண்ணீர் பிடிப்பதுபோல் குனிந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் பேசினார். புது மருந்து ஜெயித்துவிட்டால் கட்டுரையில் பாலகோபால் பெயர் முதலில் வரும், வியன்னா மாநாட்டுக்கு அவர் போவார். பிரசவம் பார்ப்பது இவர், மேடையில் கட்டுரை படிப்பது அவரா. நீலம் பழையதுதானே? வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். ரவிக்குமார் தலையை ஆட்டாமல் நின்றான். டம்ளர் நிறைந்து கையில் வழிந்தது.

ரவிக்குமார் ஏறிய லிஃப்டில் பாலகோபாலும் ஏறிக்கொண்டார். கதவு மூடும்வரை தளம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா உங்ககிட்டப் பேசினாங்களா?"

"பேசினாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கறனுங்க."

பாலகோபால் மூச்சு விட்டார். தெரியாமல் இருப்பதில் தனக்குக் கஷ்டமில்லை, தனக்குத் தெரியாதது பிரத்யுஷாவுக்குத் தெரிந்திருக்குமோ என்ற நினைப்புதான் மூன்று மாதமாகத் தூங்கவிடவில்லை என்றார். அவருக்கும் ஒரு சகலை உண்டு என்று ரவிக்குமாருக்குப் புரிந்தது.

மதியம் பன்னிரண்டரைக்குத் திரை கேட்டபோது சண்முகப்ரியா பதினொன்று என்றாள். அளவுகோலில் பதினொன்று கிடையாது. திரைக்குப் பின்னால் பேனா நின்றது. ஆள் எழுந்து போனார். பிரத்யுஷா வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிள்ளையின் துடிப்பைக் கேட்டார், இன்னும் நாலைந்து மணி நேரம் ஆகும் என்றார். பிறகு மதிப்பெண் தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வலி யாருக்கு இருக்குதோ அவங்களே மார்க் போடறது சரியில்ல. பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தற மாதிரி. அவங்களுக்கு இதுல சொந்த அக்கறை இருக்கு."

அதன்பிறகு மதிப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் இருந்தவரே போட்டார். அவருக்கு வலி எதுவும் இல்லாததால் அவர் நடுநிலையானவர். நான்கு என்று எழுதினார்.

சண்முகப்ரியா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"அம்மாவ ஒருக்காக் கூப்புடுங்க."

ரவிக்குமார் மேல்மாடிக்கு ஏறினான். இனியாவின் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. மருதமலை தெரிந்தது. காளியாத்தாள் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவன் கீழே தன் மனைவியின் அறையை நினைத்தான். அங்கே ஜன்னலில் ஏசி மிஷினின் பின்பக்கம் தெரியும். மூத்தவள் கூப்பிடுகிறாள் என்றான். எண்ணெய்க் கையோடு எப்படி வருவது, குளிப்பாட்டிவிட்டு வருகிறேன் என்றார் மாமியார். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று இனியா கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றான். வேறு எதையும் அவளிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

இறங்கும்போது ஒரு கதவைப் பார்த்தான். 'மருந்துக் கலவை அறை. உள்ளே இருப்பவரிடம் பேசாதீர்' என்று எழுதியிருந்தது. பேசாதீர் என்றால் தெரிந்தவர் உள்ளே இருக்கிறார். அவனும் அட்டை மாட்டியவன்தானே என்று கதவைத் தட்டினான்.

மருந்தாளுநர் அம்புஜத்துக்கு ஐம்பது வயதிருக்கும். ஜன்னல் இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார். இரண்டு மருந்தையும் கலந்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவர். மருத்துவமனையில் உண்மையிலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முகக்குறி எதையும் காட்டிவிடக் கூடாது என்று பதினான்கு மாதமாக அவர் முகக்கவசம் இல்லாமல் வெளியே வந்ததில்லை. டாக்டர்கள் அவரைக் கண்டால் வழிவிட்டார்கள். அதற்கு முன்னால் இருபது வருஷம் அவருக்கு யாரும் வழிவிட்டதில்லை.

அம்புஜம் அவன் கழுத்தில் இருந்த அட்டையைப் படித்தார். டப்பாவை மூடினார்.

"ஓ. நீங்கதானா அது."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா."

"தெரியாமத்தான் அட்டை குடுத்திருக்காங்களா? எனக்கு ஒரு அட்டை குடுத்திருப்பாங்களா இத்தனை நாள்ல? நான் போனா கேன்டீன்ல பேச்சு நிக்கும். அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. காலைல இருந்து உங்களப் பத்திதான் பேச்சு. நான் போனேன், ஒருத்தரும் நிறுத்தல."

அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். அவர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, மேஜை மேல் வைத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"எத்தனை மணி நேரமாச்சு குழாய் போட்டு?"

"மூணு மணி நேரமாவப் போவுதுங்க. துளிகூடக் கொறையல. பச்சைங்களா, அதனாலதான்."

"தம்பி, நான் எது எதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பச்சையும் வலியக் கொறைக்கும், நீலமும் கொறைக்கும். முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். துளிகூடக் கொறையலேன்னா அது மருந்து மேல தப்பில்ல."

ரவிக்குமார் படியில் இறங்கினான். நான்கு படி இறங்கியவன் நின்றான். மோட்டார் நல்ல மோட்டார். கரண்ட் இருக்கிறது. ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை. இந்தப் புகாரோடு பட்டறைக்கு வாரம் பத்துப் பேர் வருகிறார்கள். யாரிடமும் அவன் மோட்டாருக்கு என்ன நிறம் என்று கேட்டதில்லை.

மீதிப் படிகளை ஓடிக் கடந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கறுப்புத் துணியைத் தூக்கினான். நர்ஸ் கத்தினாள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் மூட்டு கழன்றிருந்தது. பம்ப் தள்ளத் தள்ள மருந்து சொட்டுச் சொட்டாக மெத்தையில் விழுந்தது. சண்முகப்ரியாவின் முதுகுக்குக் கீழே விரிப்பு ஒரு முழம் நனைந்திருந்தது. மூன்று மணி நேரமாக மெத்தைக்கு வலி இல்லை.

"ஈரமா இருக்குதுன்னு நாந்தான் அப்பவே சொன்னனுங்களே" என்றாள் அவள்.

"பத்து நிமிசங் கண்ணு. இப்பச் சரி பண்ணிருவாங்க."

மூட்டைத் தொடப் போனான். நர்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்ததே தவறு, தொடுவது குற்றம் என்றாள். டாக்டர்களுக்குப் போன் போட்டாள்.

பாலகோபால் வந்தார். பிரத்யுஷா வந்தார். இரண்டு பேரும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூட்டைப் பொருத்திய டாக்டரைத் திட்டப்போகிறார்கள் என்று ரவிக்குமார் நினைத்தான். பாலகோபால் அவன் தோளில் கையைப் போட்டு வராண்டாவுக்குக் கூட்டிப் போனார்.

"நெறிக்குழுகிட்ட மூணு தடவை கேட்டிருக்கேன். மருந்தே போகாத ஒரு குழு வேணும், அப்பத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்னு. வலியில துடிக்கறவங்களுக்குக் குழாயப் போட்டுட்டு மருந்து விடாம இருக்கறது மனுஷத்தனம் இல்லைன்னு மூணு தடவையும் மறுத்துட்டாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. ஆனா பாருங்க, இன்னிக்கு அது தானா அமைஞ்சிருக்கு. குழாய் இருக்கு. பம்ப் ஓடுது. மருந்து போகுதுன்னு எல்லாரும் மனசார நம்பியிருக்கோம். போகல. இப்படி ஒரு கேஸ் எந்த நாட்டிலயும் இல்லீங்க."

உடனே மாட்டிவிடலாம்தானே என்றான் ரவிக்குமார்.

தாராளமாக என்றார் பிரத்யுஷா. அவர் கையில் இரண்டு படிவங்கள் இருந்தன. முதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மூட்டைப் பொருத்துவார்கள், பத்து நிமிஷத்தில் வலி இறங்க ஆரம்பிக்கும். ஆனால் சண்முகப்ரியா ஆய்விலிருந்து விலகியவர் ஆவார், பட்டியலில் அவர் பெயரின் மேல் ஒரு கோடு விழும். இரண்டாவது படிவத்தில் போட்டால் பிள்ளை பிறக்கும்வரை குழாய் இப்படியே இருக்கும். அவர் தனிக் குழு.

அந்தக் குழுவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது மரபு என்றார் பாலகோபால். பிரசவ அறை தன்னுடையது, அங்கே கண்டுபிடிக்கப்படுவதெல்லாம் தன்னுடையது என்றார் பிரத்யுஷா. பாலகோபால் குழு என்று சொல்லப் பிரத்யுஷாவுக்கு வாய் வரவில்லை. பிரத்யுஷா குழு என்று எழுதப் பாலகோபாலின் பேனா நகரவில்லை. ஐந்து நிமிஷம் போனது. உள்ளே சண்முகப்ரியாவின் குரல் ஒரு முறை உயர்ந்து அடங்கியது. கடைசியில், மற்றவருக்குக் கிடைக்காமல் போனால் போதும் என்று இரண்டு பேரும் இறங்கிவந்தார்கள். சண்முகப்ரியா குழு என்று எழுதினார்கள். அவள் படத்தை அவிநாசி ரோட்டில் நடக்கும் மாநாட்டில் திரையில் போடுவார்கள். பிறகு வியன்னாவில்.

"அவகிட்டயே கேட்டுப்போடலாமுங்களே" என்றான் ரவிக்குமார்.

பிரத்யுஷா பொறுமையாக விளக்கினார். "வலியில இருக்கறவங்க கையெழுத்து செல்லாதுங்க. வலி அவங்களச் சுயமா யோசிக்க விடாது. தெளிவான மனசோட முடிவு எடுக்கக்கூடியவங்கதான் போடணும். இப்ப அது நீங்கதான்."

ரவிக்குமார் பேனாவை வாங்கினான். முதல் படிவத்தை எடுத்துச் சுவரில் வைத்தான். பெயரின் முதல் எழுத்தில் பேனாவை ஊன்றினான்.

அப்போது பிரவின்குமார் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் வெந்நீர் பிளாஸ்க். தேய்த்த சட்டை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவன்போல் இல்லை. அவன் கெட்டவன் அல்ல. ரவிக்குமாரின் முகத்தைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"இன்னுமாங்ணா ஆவுது? அட பாவமே. இனியா இந்நேரத்துக்குத் தூங்கியே போயிட்டா. பச்சைன்னு மேல சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினான். "மனசுல வெச்சுக்காதீங்ணா. அவங்கவங்களுக்கு அமையறதுதானுங்களே."

ரவிக்குமாரின் பேனா அசையவில்லை.

பாவம் என்றானே, அது வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் ரவிக்குமார் தலையாட்டியிருப்பான். அந்தச் சொல் மடிப்புக் கலையாத சட்டையிலிருந்து வந்தது. அவன் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்க டாக்டர், நீலத்துல எத்தனை பேருங்க?"

"இதுவரைக்கும் நூத்திப் பதினெட்டு."

"பச்சைல?"

"நூத்திப் பதினாறு."

"இந்தக் குரூப்புல?"

"ஒருத்தர்தான். இனிமேலும் ஒருத்தர்தான். இன்னொருத்தருக்கு அமையாது."

என்ன குரூப் என்று பிரவின்குமார் கேட்டான். பாலகோபால் விளக்கினார். மாநாடு, திரை, வியன்னா, பெயர். ஈரத்தைச் சொல்லவில்லை. பிரவின்குமார் பிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"இனியாவுக்கு அந்த மாதிரி எதும் இல்லீங்களா டாக்டர்? இனிமே ஏதாச்சும் சேத்துக்க முடியாதுங்களா?"

"அவங்களுக்கு வலியே இல்லாமப் போச்சுங்களே" என்றார் பாலகோபால். குரலில் வருத்தம் இருந்தது.

அந்த முகத்தை ரவிக்குமார் நிதானமாகப் பார்த்தான். நான்கு வருஷமாக அவன் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம். அது இப்போது பிரவின்குமாருக்கு வந்திருந்தது. சட்டை அப்படியே இருந்தது. முகம் கசங்கியிருந்தது.

முதல் படிவத்தைப் பிரத்யுஷாவிடம் திருப்பிக் கொடுத்தான். இரண்டாவதைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். தமிழில், முழுப் பெயராக, அப்பா பெயரோடு. பாலகோபால் கை கொடுத்தார். கொஞ்சம் யோசித்துப் பிரவின்குமாரும் கொடுத்தான். அவன் கை ஈரமாக இருந்தது.

நர்ஸ் உள்ளே போய்க் கறுப்புத் துணியைப் பழையபடி இழுத்துப் போர்த்தினாள். நுனிகளை மெத்தைக்கு அடியில் செருகினாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஆள் வந்து உட்கார்ந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

ரவிக்குமார் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தான். சண்முகப்ரியாவின் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கம்பியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் வேகமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, மாட்டிவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுப்போட்டீங்கல்ல? பத்து நிமிசம்னீங்களே, எப்ப இருந்துங்க கணக்கு?"